மஞ்சள் மீசை

இரவு பதினொன்றுக்கு மேல்
வீகோ துறைமுகத்து மழைக்கு வேறு வேலை இல்லை.
அச்சகத்தின் தகரக் கூரையை அது தட்டிக்கொண்டே இருக்க
மத்தி மீன் டப்பாவின் லேபிள்
நாலாயிரம் தாள் ஓடி முடிந்திருந்தது.

பிரெய்ஷோ வரைந்த கடல்.
அவன் திரையில் பார்த்திருக்கிறேன்:
உள்ளே யாரோ விளக்கேற்றி வைத்தது போல ஒரு நீலம்.
என் தாளில் அது
நனைந்த சிமென்டுக்குப் பக்கத்து வீடு.

அதற்கு நான் அழவில்லை.
ஒளியைக் கூட்டினால் வெள்ளை,
மையைக் கூட்டினால் சேறு.
எந்த மென்பொருளும் தீர்க்கிற வழக்கல்ல இது.
திரை எரிகிறது, தாள் எரிவதில்லை,
அவ்வளவுதான்.

அழுதது எழுத்துக்கு.
மீன், சூரியகாந்தி எண்ணெய், உப்பு,
கடுகின் சுவடு இருக்கலாம் என்று
எறும்பு அளவில் ஒரு வரி.
ஒரே ஒரு கறுப்பில் நிற்க வேண்டியது
நான்கு மையிலும் கால் வைத்து நிற்கிறது.
ஈரத்தில் தாள் ஒரு மயிரிழை நீண்டால் போதும்.
லென்ஸை வைத்துப் பார்த்தேன்:
ஒவ்வோர் எழுத்துக்கும் மேலுதட்டில் மஞ்சள் மீசை,
காலில் மெஜந்தா செருப்பு.
கடுகு ஒத்துக்கொள்ளாத யாரோ ஒருத்தி
கடையில் டப்பாவைக் கண்ணருகே கொண்டுபோவாள்,
தள்ளிப் பிடிப்பாள்,
பிறகு வாங்கிவிடுவாள்.

"சி.எம்.ஒய்.கே.யில் ஏன் அனுப்பவில்லை?"
பிரெய்ஷோ தோளைக் குலுக்கினான்.
"இலவச மென்பொருள், அதற்கு மூன்று விளக்குதான் தெரியும்.
மற்றதற்கு மாதாமாதம் வாடகை கட்ட
நான் எத்தனை மத்தி வரைய வேண்டும், சொல்."

மென்பொருளை எழுதுகிறவன்
புர்னோ நகரத்தில் இருக்கிறான், பெயர் ஸ்பினியெக்.
வார நாளில் டிராம் சிக்னல் பழுது பார்ப்பவன்,
ஞாயிற்றுக்கிழமைகளில் இது.
எழுதினேன். கொஞ்சம் சூடாகவே.

சபேலா அவர்களுக்கு என்று தொடங்கி
நீளமாக, மரியாதையாகப் பதில் வந்தது:
நான்கு எண்கள் ஒரு நிறமல்ல, ஒரு செய்முறை.
உங்கள் தாளுக்கு ஒன்று, அடுத்த தெரு அச்சகத்துக்கு வேறு.
எந்தத் தாள் என்று தெரியாமல் மையை அளப்பது
எவர் கால் என்று தெரியாமல் செருப்புத் தைப்பது.
படம் ஒளியாகவே இருக்கட்டும்,
கடைசி நிமிடத்தில் நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

அதில் பொய் இல்லை.
அதுதான் எரிச்சல்.

சரி, கடலை என்னிடம் விடு.
ஆனால் கறுப்பு என்று ஒருவன் எழுதினால்
அது கறுப்பு.
அதை நான்காகக் கூறுபோட்டு, கலக்கித் திருப்பித் தர
நான் சூப் கேட்கவில்லை.
இன்னொன்று: அந்தக் கடலின் அடியாழத்தில்
மை முந்நூற்று நாற்பது சதவீதம்.
தாள் குடித்தது, காயவில்லை,
அடுக்கின் அடியில் நூறு தாள்
ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக் கிடந்தன.
வரையும்போதே அவனிடம்
ஒரு மணியாவது அடித்திருக்கலாம்.

இதையெல்லாம் எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.
கெட்டுப்போன தாள் ஒன்றைச் சுருட்டி
கீறல் விழுந்த பழைய லென்ஸையும் உள்ளே வைத்து
புர்னோவுக்கு அஞ்சல் செய்தேன்.
பதினொரு யூரோ, என் பையிலிருந்து.

மூன்று வாரம் கழித்து
"என் வீட்டில் பிரிண்டர் கிடையாது.
எழுத்துக்கு மீசை உண்டென்று
இன்றுதான் பார்த்தேன்."
மறுநாள் தேதியில் இன்னொன்று:
"கறுப்பை மட்டும் தொடாமல் விட வழி தேடுகிறேன்.
ஒரு வருடம் ஆகலாம்.
ஆகாமலும் போகலாம்."

இன்று செவ்வாய். நெத்திலி லேபிள் வந்திருக்கிறது,
அதே பிரெய்ஷோ, அதே மூன்று விளக்கு.
கோப்பைத் திறந்து வரி வரியாகச் சொடுக்குகிறேன்.
சயான் பூஜ்யம், மெஜந்தா பூஜ்யம், மஞ்சள் பூஜ்யம்,
கறுப்பு நூறு.
அடுத்த வரி.
உப்பு, நூறு.
கடுகு, நூறு.
கூரைமேல் மழை இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறது.